கண்மாய் மீனுக்கு எந்தத் தூண்டில்முள், எந்தக் கட்டு? பனையேறி, ஜிலேபி, கொடுவா

உப்பூர்த் தெற்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆறு வருடம் ஸ்வீடனில் வேலை பார்த்துவிட்டுப் போன ஐப்பசியில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். அங்கே எனக்குத் துணையாக இருந்தது தூண்டில்தான். பெர்ச் மீன் பிடிப்பேன். அந்த ஊர்க்காரர்கள் அபொரே என்பார்கள். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, முதுகில் முள்துடுப்பு, அடித்துடுப்பு செக்கச் சிவப்பு. வேனெர்ன், வெட்டெர்ன் போன்ற ஐந்து பெரிய ஏரிகளில் கைத்தூண்டிலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். சனிக்கிழமை விடிந்தால் கரையில் இருப்பேன்.

அங்கே பழகியது மூன்று கட்டு. முதலாவது, தக்கையும் மண்புழுவும். இரண்டாவது டிராப் ஷாட்: தூண்டில் நரம்பின் நுனியில் ஈயம், அதற்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் மேலே முள். ஈயம் தரையில் கிடக்கும். இரை மட்டும் தண்ணீரில் நின்று ஆடும். மூன்றாவது டெக்சாஸ்: துளையிட்ட ஈயம் நரம்பில் ஓடும், முள்ளின் கூர் ரப்பர் புழுவுக்குள் மறைந்திருக்கும், செடியில் மாட்டாது. புழுவுக்கு முள் எண் 6 அல்லது 8, ரப்பர் மீனுக்கு 2 அல்லது 1 (எண் குறையக் குறைய முள் பெரிது).

அந்தப் பெட்டியோடு எங்கள் ஊர்க் கண்மாய்க்கு இரண்டு வாரமாகப் போகிறேன். ஜிலேபி (திலாப்பியா) மீன் இரையைக் கொறித்தே தின்று தீர்க்கிறது, 6ஆம் எண்ணில் ஒன்றுகூட மாட்டவில்லை. சரி, முள் பெரிதாக இருக்கிறது என்று 12க்கு இறங்கினேன். அதில் மூன்று பனையேறி வந்தது. மூன்றும் தொண்டை வரை விழுங்கியிருந்தன. ஒவ்வொன்றும் விரல் நீளம்தான், விட்டுவிடலாம் என்று முள்ளைக் கழற்றப் போய் இரண்டு என் கையிலேயே செத்துப்போயின. அது மனதை உறுத்துகிறது. இணையத்தில் வாங்கிய இன்னொரு பாக்கெட் முள்ளில் விரால் ஒன்று மாட்டியது. கரைக்கு வருமுன் முள் நேராக நிமிர்ந்துபோய்விட்டது.

எங்கே தப்பு செய்கிறேன்? மாசியில் ஆற்றங்கரை என்ற ஊரின் முகத்துவாரத்தில் கொடுவாவுக்கும் போக ஆசை. அதற்கு எந்த முள் வாங்குவது?

கண்மாய்க்கரை எழுதியது:

தம்பி, முதலில் எண்ணை மறந்துவிட்டு மீனின் வாயைப் பாருங்கள். நீங்கள் இரண்டு மீனையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஜிலேபிக்குப் போட வேண்டிய முள் பனையேறிக்குப் போயிருக்கிறது, பனையேறிக்குப் போட வேண்டியது ஜிலேபிக்கு.

ஜிலேபி கால் கிலோ இருந்தாலும் வாய் சின்னது. அது இரையை விழுங்காது. உதட்டால் கவ்வும், துப்பும், மறுபடி கவ்வும். ஆகவே 10 அல்லது 12, மெல்லிய கம்பி. மாவைப் பாசிப்பயறு அளவுக்கு உருட்டி, கூர் மட்டும் மூக்குத்தி போல வெளியே தெரிய வையுங்கள். பெரிய உருண்டை வைத்தால் அது சுற்றிச் சுற்றிக் கொறிக்கும், முள்ளுக்கு வரவே வராது.

பனையேறி அப்படியில்லை. உடம்பு விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் வாயைத் திறந்தால் நீங்களே அசந்துபோவீர்கள். ஒரே கவ்வில் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடும். 12ஆம் எண் அதற்கு ஒரு பருக்கை மாதிரி, நேரே தொண்டைக்குத்தான் போகும். 6 அல்லது 8 போடுங்கள், தண்டு நீளமாக இருக்கட்டும். தண்டு நீளமாக இருந்தால் உள்ளே போனாலும் நுனி வெளியே தெரியும், பிடித்து எடுக்கலாம். இரையை வைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கப் போகக் கூடாது. தக்கை பக்கவாட்டில் நகர்ந்தவுடன் தூக்க வேண்டும்.

இன்னொன்று. பனையேறிக்கு டிராப் ஷாட் வேண்டாம். அது மூச்சு வாங்க மேலே வரும் மீன். கோரைக்கும் சம்பைக்கும் நடுவில் தண்ணீர் ‘ப்ளக்’ என்று ஒரு வட்டம் போடும், அதுதான் அது. அந்த வட்டத்துக்கு ஒரு முழம் தள்ளி, தக்கைக்குக் கீழே ஒரு முழம் நரம்பு விட்டு, பாதித் தண்ணீரில் நாங்கூழ் (மண்புழு) தொங்க வேண்டும். தரையில் கிடந்தால் நண்டும் கெளுத்தியும்தான் வரும்.

மீன்குஞ்சு எழுதியது:

நான் மீன்வளம் படிக்கிறேன். உப்பூர் அண்ணன் பெர்ச்சிலிருந்து பனையேறிக்கு வந்ததில் ஒரு தொடர்பு இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் டால்டார்ஃப் என்ற அதிகாரி, பனைமரத்தில் ஏறிய மீனைப் பிடித்ததாக எழுதிய குறிப்பு 1797இல் லண்டனில் லின்னேயன் சங்க இதழில் வெளிவந்தது. அதில் இந்த மீனுக்கு அவர் வைத்த பெயர் பெர்கா ஸ்காண்டென்ஸ், அதாவது ஏறும் பெர்ச். பிற்பாடு இது பெர்ச் குடும்பமே இல்லை, விரால் வகைக்கு நெருங்கியது என்று தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் இன்றைக்கும் பெர்ச் என்ற பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பனையில் ஏறுகிறதோ இல்லையோ, ஈரத்தரையில் செவுள் மூடியை ஊன்றி நகர்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முள் கழற்றும்போது கையைக் கிழிப்பதும் அந்தச் செவுள் மூடியின் ஓரம்தான். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் கரையில் கொஞ்ச நேரம் தாங்கும். அண்ணன் கையில் செத்தவை காற்றில்லாமல் செத்திருக்க வாய்ப்புக் குறைவு. முள்ளை இழுத்தபோது தொண்டையும் செவுளும் கிழிந்திருக்கும்.

முதுகுளத்தூர் அக்கா எழுதியது:

தம்பி, இரண்டு செத்ததற்கு மனசு உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதைப் படித்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். என் அம்மா ஊருணியில் தூண்டில் போட்டு எங்களை வளர்த்தவர். அவர் செய்ததைச் சொல்கிறேன்.

ஈரத்துணியை உள்ளங்கையில் விரித்து மீனைத் தலைப்பக்கமிருந்து பின்னால் நீவிப் பிடிக்க வேண்டும். அப்போது முதுகுமுள் படிந்துவிடும், செவுளும் மூடிக்கொள்ளும். வாலிலிருந்து பிடித்தால் அத்தனையும் விரிந்து கையில் ஏறும். பிறகு ஈர்க்குச்சியை விடச் சற்றுத் தடிமனான குச்சி ஒன்று, நுனியில் கத்தியால் சின்னதாக ஒரு பிளவு. நரம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிளவை நரம்பில் வைத்து, நரம்பு வழியாகவே குச்சியை உள்ளே இறக்கினால் முள்ளின் வளைவில் போய் உட்காரும். அங்கே ஒரு சின்ன அழுத்தம், உள்பக்கமாக. முள் பின்வாங்கி விடுபடும். இழுக்கக் கூடாது, தள்ள வேண்டும். அம்மா இதைக் கண்ணால் பார்க்காமல், எங்களோடு பேசிக்கொண்டே செய்வார்.

அதிலும் வரவில்லை என்றால் நரம்பை வாயருகே வெட்டிவிட்டு விடுங்கள். முள்ளைப் பிடுங்குவதை விட அது பிழைக்க வழி அதிகம்.

தக்கைக்குக் கடையில் விற்கும் சிவப்பு பிளாஸ்டிக் உருண்டை வேண்டாம். அது ஜிலேபிக்கு மிகவும் பாரம். சோளத்தட்டையின் உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை ஒரு விரல் நீளம் எடுத்து நடுவில் கட்டுங்கள். ஜிலேபி அடியிலிருக்கும் இரையைத் தூக்கினால் தக்கை கீழே போகாது, படுத்துக்கொள்ளும். அதுதான் இழுக்கும் நேரம். தக்கை முங்கும் என்று காத்திருப்பவர்களுக்கு ஜிலேபி கிடைக்காது.

வெள்ளைத்தக்கை எழுதியது:

நான் கீழக்கரை, இப்போது துபாயில். ஊருக்கு வரும்போதெல்லாம் தூண்டில்தான். காக்காமார் (அண்ணன்மார்) எல்லாம் ஒற்றைமுள்ளையே பேசுகிறீர்கள். சின்ன ஸ்பின்னரில் (தகடு சுழலும் செயற்கை இரை) மூன்று முள் சேர்ந்த கொக்கி போட்டால் பனையேறியே துரத்தி வந்து அடிக்கிறது, விரால் கேட்கவே வேண்டாம். இரை தேடவும் வேண்டாம், கொறிப்பு என்ற தொல்லையும் இல்லை.

கண்மாய்க்கரை எழுதியது:

தம்பி, அடிக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கண்மாய் முழுக்கக் கருவேல முண்டு. மூன்று முள்ளில் ஒன்று மீனில் இருந்தால் இரண்டு கட்டையில் இருக்கும். முந்நூறு ரூபாய்ப் பொருளை ஒரு காலையில் நான்கு முறை இழந்த பையனை எனக்குத் தெரியும். சின்ன மீனுக்கு மூன்று முள் போட்டால் கண், செவுள், வயிறு எங்கு வேண்டுமானாலும் குத்தும். அதை விட முடியாது, குழம்புக்கும் தேறாது. ஸ்பின்னர்தான் வேண்டும் என்றால் கொக்கியைக் கழற்றிவிட்டு ஒற்றைமுள் மாட்டுங்கள்.

உப்பூர்த் தெற்கு எழுதியது:

ஸ்வீடனில் பெர்ச்சுக்கும் நான் அப்படித்தான் செய்தேன். அதன் வாயில் ஓரத்தோல் மெல்லியது, வேகமாக இழுத்தால் கிழிந்துவிடும். ஒற்றைமுள், மெதுவான இழுப்பு. அங்கே முள்ளின் எதிர்முள்ளை (கூருக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்ன முனை) குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடும் பழக்கமும் உண்டு. பனையேறிக்கு அதைச் செய்யலாமா?

கண்மாய்க்கரை எழுதியது:

எனக்கு அதில் சம்மதமில்லை. ஜிலேபி குதிக்கும்போது நரம்பு ஒரு கணம் தளர்ந்தால் போச்சு. வீட்டுக்குச் சோறு வைக்கப் பிடிக்கிறவன் எதிர்முள்ளை நசுக்க மாட்டான்.

முதுகுளத்தூர் அக்கா எழுதியது:

அண்ணே, மன்னிக்க வேண்டும், இதில் நான் தம்பி பக்கம். பனையேறிக்கு நசுக்கலாம். அது குதிக்கும் மீன் இல்லை, கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், நரம்பு தளராது. ஜிலேபிக்கு எதிர்முள் இருக்கட்டும், அது உதட்டில்தான் மாட்டும், எடுப்பதில் சிரமம் இல்லை. விழுங்குகிற மீனுக்குத்தான் நசுக்கிய முள் அவசியம். குத்துவது நம் விரலாக இருந்தாலும் எளிதில் வெளியே வரும்.

பாம்பன் நரம்பு எழுதியது:

கண்மாய் எனக்குப் பழக்கம் குறைவு. அப்பாவோடு கடலில் கைத்தூண்டில் போட்டவன் என்பதால் கொடுவாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த நிமிர்ந்த முள். அந்த விற்பனையாளர் அனுப்பியது மெல்லிய கம்பியில் செய்தது. ஜிலேபிக்குச் சரி, விராலுக்கு நிமிரத்தான் செய்யும். முள்ளில் எண் மட்டும் பார்த்தால் போதாது. கம்பியின் தடிமன், வாயின் அகலம், தண்டின் நீளம், மூன்றையும் பாருங்கள். ஒரே 6ஆம் எண் இரண்டு கம்பெனியில் இரண்டு அளவில் இருக்கும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: 12, 10, 8 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும், 1க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏற இன்னும் பெரிதாகும். 2க்கும் 2/0க்கும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள் நிறைய.

கொடுவாவுக்கு 3/0 முதல் 5/0 வரை, தடித்த கம்பி, வட்டமுள். வட்டமுள் என்றால் கூர் உள்பக்கம் தண்டைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அதில் வெடுக்கென்று இழுக்கவே கூடாது. மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பட்டும், நரம்பு தானாக இறுகட்டும், அப்போது நிதானமாகச் சுற்றுங்கள். முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயின் மூலையில் மாட்டும். கடலில் கலவா பிடிக்க இதைப் போட ஆரம்பித்த பிறகு வயிற்றில் முள்ளோடு வரும் மீன் எங்களுக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது.

கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது, உதடு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. ஆனால் செவுள் மூடி பிளேடு. தலையை உதறும்போது நரம்பு அதில் பட்டால் அறுந்துவிடும். ஆகவே முள்ளுக்கு மேலே ஒரு பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) 40 அல்லது 50 பவுண்டு தங்கூஸ் (நைலான் நரம்பு) கட்டாயம். அதற்கு மேலே நரம்பு முறுக்காமல் இருக்கச் சுழலி, அதற்கு மேலே உங்கள் பின்னல் நரம்பு. ஓடும் ஈயம் சுழலிக்கு மேலே இருக்கட்டும், மீன் இழுக்கும்போது பாரம் தெரியக் கூடாது. இரை உயிர் இறால் அல்லது சின்ன மடவை மீன். இறாலை வாலின் கடைசிக்கு முந்தின கணுவில் குத்துங்கள், தலையில் கறுப்பாகத் தெரியும் இடத்தைத் தொட்டால் அப்போதே செத்துவிடும்.

மீன்குஞ்சு எழுதியது:

பாம்பன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, வருடங்கள் போனபின் பெண்ணாக மாறும் மீன். முட்டையிடுவது உப்புத் தண்ணீரில், வளர்வது நல்ல தண்ணீரிலும் கழிமுகத்திலும். ஆகவே கிடைப்பதிலேயே மிகப் பெரியது பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண்ணாக இருக்கும். வட்டமுள் போட்டால் அப்படிப்பட்டதைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட முடியும். எனக்கு அதில் பிடிவாதம் உண்டு.

ஜிலேபியைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து 1952இல் இந்தியாவுக்குள் விடப்பட்டது. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் கண்மாயிலும் பெருகிவிடுகிறது. எவ்வளவு பிடித்தாலும் தகும்.

அப்புறம் ஈயம். பிரிட்டனில் 1987இல் தூண்டிலுக்குப் போடும் சின்ன ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள், அன்னங்கள் அவற்றைக் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்ததால். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வலசைப் பறவை இறங்காத கண்மாய் எது? சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால், மேல்செல்வனூர் எல்லாம் சரணாலயம், அங்கே தூண்டிலே போடக் கூடாது. மற்ற கண்மாய்களிலும் ஈயத்துக்குப் பதிலாக இரும்பு நட்டு கட்டுங்கள். அறுந்து விழுந்தால் துருப்பிடித்து மண்ணாகிவிடும். அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மடைக்குப் பக்கத்தில் காலில் நரம்பு சுற்றிய ஒரு நாரையை நானும் நண்பனும் பிடித்து, நரம்பை அறுத்து விடுவித்தோம். நரம்பு தோலுக்குள் இறங்கியிருந்தது.

பாம்பன் நரம்பு எழுதியது:

நட்டு நல்ல யோசனை தம்பி. டிராப் ஷாட்டுக்கு அதுவே சரி. அந்த நட்டைக் கட்டும் துண்டு நரம்பு, மேலே இருப்பதை விட மெல்லியதாக இருக்கட்டும். கருவேல முண்டில் மாட்டினால் நட்டு மட்டும் அறுந்து போகும், முள்ளும் மீனும் கைக்கு வரும். பாறையில் தூண்டில் போடும்போது நாங்கள் கல்லைக் கட்டுவது இப்படித்தான்.

முடிச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் விடுங்கள். ஒரு சாதாரண முடிச்சு தளர்வாகப் போடுங்கள். மிஞ்சிய வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து எடுத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். ஈரம் இல்லாமல் இறுக்கினால் நரம்பு சூடாகி அங்கேயே வலு போகும். டிராப் ஷாட் என்றால் வால் நரம்பை நீளமாக விட்டு, கூர் இருக்கும் பக்கமிருந்து மறுபடி கண்ணுக்குள் இறக்குங்கள். முள் கூர் மேலே பார்க்க, நரம்புக்குக் குறுக்காக நிற்கும்.

முள்ளின் கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கீறிக்கொண்டு நின்றால் நல்ல முள். வழுக்கினால் அரத்தில் இரண்டு தேய்ப்பு, அதற்கும் வழுக்கினால் குப்பை.

உப்பூர்த் தெற்கு எழுதியது:

நன்றி என்ற ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. இன்று காலை போய் வந்ததை எழுதுகிறேன்.

முதலில் மீன்பாசிக் குத்தகை (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரமாக அவரிடம் கேட்காமலே தூண்டில் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். “ஜிலேபி எவ்வளவு வேண்டுமானாலும் எடு மாப்ளே, கெண்டைக் குஞ்சு மாட்டினால் விட்டுவிடு” என்றார்.

சோளத்தட்டைத் தக்கை, 12ஆம் எண், பயறளவு மாவு. முதல் அரைமணி நேரம் தக்கை நடுங்கிக்கொண்டே இருந்தது, நான் அசையவில்லை. பிறகு நடுக்கம் நின்றது, தக்கை மெதுவாக, தூங்கப் போவது போல, தண்ணீர் மேல் படுத்தது. தூக்கினேன். உதட்டின் ஓரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது. ஒன்பது மணிக்குள் பதினான்கு.

வெயில் ஏறியதும் கோரைப் பக்கம் போனேன். எண் 6, நீளத்தண்டு, எதிர்முள் நசுக்கியது, நாங்கூழ் பாதி. வட்டம் போட்ட இடத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டேன். ஐந்து பனையேறி. நான்கு வாயிலேயே இருந்தன. ஐந்தாவது விழுங்கியிருந்தது, தண்டின் நுனி மட்டும் தெரிந்தது. அக்கா சொன்ன குச்சியை நரம்பு வழியே இறக்கித் தள்ளினேன். சொடக்குப் போடும் நேரத்தில் வெளியே வந்துவிட்டது. ரத்தம் இல்லை. கரை ஓரச் சேற்றில் வைத்தேன், செவுளை ஊன்றி இரண்டு எட்டு நகர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குத்தவைத்து இருந்தேன்.

கண்மாய்க்கரை அண்ணே, தண்ணீர் வற்றிவருகிறது. பங்குனிக்குப் பிறகு பனையேறி எங்கே போகும்?

கண்மாய்க்கரை எழுதியது:

எங்கும் போகாது தம்பி. மடைக்குக் கீழே பள்ளத்தில் சேறு ஈரமாக இருக்கும் வரை அதற்குள் கிடக்கும். அப்போது தூண்டில் வேண்டாம், அதை விட்டுவிடுங்கள். ஐப்பசியில் முதல் மழைக்கு வாய்க்காலில் எதிர்த்து ஏறி வரும். கண்மாய் நிரம்பிக் கலுங்கு ஓட ஆரம்பித்தால் இந்த இழையிலேயே எழுதுகிறேன், மங்கலத்துக்கு வாருங்கள். 6ஆம் எண் நீளத்தண்டு ஒரு பாக்கெட் எனக்கும் சேர்த்து வாங்கி வாருங்கள். பாதியை நசுக்கிக் கொண்டுவாருங்கள், முதுகுளத்தூர்த் தங்கச்சி சொன்னதையும் போட்டுப் பார்த்துவிடுகிறேன்.